கேயா தீவில் எந்த ஊரில் தங்குவது? பழைய நகரங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கிரேக்கத்தின் சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கேயாவில் எந்த ஊரில் அறை எடுப்பது என்பதைக் கார்த்தையா என்ற பழைய நகரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தீவில் பண்டைக் காலத்தில் நான்கு நகர அரசுகள் இருந்தன: யூலிஸ், கொரேசியா, பொயேசா, கார்த்தையா. முதல் மூன்றும் இருந்த இடங்களில் இன்றும் ஊர்கள் உள்ளன. யூலிஸ் இருந்த மலையில் தலைநகர் யூலிடா, கொரேசியா இருந்த இடத்தில் துறைமுக ஊர் கோரிசியா, பொயேசா இருந்த பள்ளத்தாக்கில் பிசெஸ். நான்காவதான கார்த்தையாவுக்கு மட்டும் கார் போகும் சாலை இல்லை, அங்கே யாரும் குடியிருக்கவும் இல்லை. தென்கிழக்குக் கரையில் இரண்டு சிறு விரிகுடாக்களுக்கு நடுவே கோயில்களும் அரங்கமுமாகக் கிடக்கும் அந்த நகரத்தைப் பார்க்க ஒரு முழு முற்பகல் வேண்டும். மற்றவற்றை எந்த ஊரில் தங்கினாலும் பார்த்துவிடலாம்.

பெயரில் ஒரு குழப்பம் வரும், முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. கேயா என்பது இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர். உள்ளூர்க்காரர்களும் ஏதென்ஸ்வாசிகளும் ட்சியா என்கிறார்கள். பழைய நூல்களில் கெயோஸ் என்று இருக்கும். துருக்கிக் கரையோரம் உள்ள ஹீயோஸும் கோஸும் வேறு தீவுகள். பெயர் ஒலிப்பதைப் பார்த்து டிக்கெட் எடுத்தால் ஏஜியன் கடலின் மறுகோடிக்குப் போய்விடுவீர்கள்.

இன்னொரு பிழை துறைமுகத்தில் நடக்கிறது. சைக்ளேட்ஸ் தீவுகளுக்கெல்லாம் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகம்தான் என்று நினைத்து அங்கே போய் நிற்பவர்கள் உண்டு. கேயாவுக்கு ஃபெர்ரி புறப்படுவது ஏதென்ஸ் அமைந்த அட்டிகா நிலப்பகுதியின் தென்கிழக்கு முனையில் உள்ள லாவ்ரியோவிலிருந்து. ஏதென்ஸ் நகரிலிருந்து லாவ்ரியோ சுமார் 60 கிலோமீட்டர். விமான நிலையத்திலிருந்து தூரம் அதைவிடக் குறைவு. அதனால் விமானத்தில் வந்து இறங்குபவர்கள் நகருக்குள் போகாமல் நேரே லாவ்ரியோவுக்குப் போய்விடலாம். கடல் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழியில் நீளமாக, மொட்டையாகத் தெரியும் தீவு மாக்ரோனிசோஸ். கிரேக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்த இடம் அது.

யூலிடா

பழைய வரலாற்றுக்காக வருகிறவர் இரண்டு இரவோ அதற்கு மேலோ தங்குவதாக இருந்தால் யூலிடாதான் சரியான ஊர். துறைமுகத்திலிருந்து 5 அல்லது 6 கிலோமீட்டர் மலையேறும் சாலையில் இருக்கிறது. ஊருக்குள் வண்டி போகாது. நுழைவாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வளைந்து ஏறும் கற்படிச் சந்துகளில் நடந்தே போக வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி இங்கே பாரம்தான். முதுகுப்பை கொண்டு வாருங்கள். அறை பதிவு செய்யும்போதே, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை படிகள் என்று கேட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு கேள்விதான் ஊரையே தீர்மானிக்கும்.

இந்த ஊரைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் அருங்காட்சியகம் இங்கே இருப்பது. அதன் உயிர், வுர்காரி ஊருக்கு எதிரே உள்ள அயியா இரீனி என்ற வெண்கலக் காலக் குடியிருப்பில் கிடைத்த சுடுமண் பெண் சிலைகள். ஐம்பதுக்கு மேற்பட்டவை ஒரே கோயிலில் துண்டு துண்டாகக் கிடைத்தன. ஏறக்குறைய கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெரியவை ஒரு மீட்டரையும் தாண்டும். இடுப்பில் கை வைத்து, திறந்த மார்பும் அகன்ற பாவாடையும் கழுத்தில் தடித்த மாலையுமாக நிற்கிறார்கள். ஆடையில் கிரீட் தீவின் சாயல் தெரிகிறது. ஆனால் இவ்வளவு பெரிய சுடுமண் உருவங்களை இத்தனை எண்ணிக்கையில் கிரீட்டிலும் பார்க்க முடியாது. ஏஜியன் உலகத்தில் இதற்கு ஈடு இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். இந்தச் சிலைகளில் ஒன்றின் தலைக்கு விசித்திரமான பின்கதை உண்டு. செய்யப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 8ஆம் நூற்றாண்டில், அதே இடத்தில் அந்தத் தலையை மட்டும் ஒரு மண் வளையத்தின் மேல் நிறுத்தி வழிபட்டிருக்கிறார்கள். அது யாருடைய தலை என்பது அப்போது மறந்தே போயிருக்கும். இடத்தின் புனிதம் மட்டும் மறக்கவில்லை. கார்த்தையாவின் அதீனா கோயில் சிற்பங்களும் இதே அருங்காட்சியகத்தில்தான் உள்ளன.

கிரேக்க அரசு அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. சிறிய ஊர்களில் பிற்பகலிலேயே மூடிவிடுவதும் உண்டு. எந்த நாள், எத்தனை மணி என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே ஃபெர்ரி டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே இரவு தங்கி, அடுத்த நாள் விடுமுறை என்று தெரியவந்தால் சிலைகளைப் பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்கும். யூலிடாவில் தங்குபவருக்கு இந்த ஆபத்து குறைவு. காலையில் கதவு திறந்ததும் நடந்தே போகலாம்.

இரண்டாவது காரணம் சிங்கம். ஊரின் வடகிழக்கு விளிம்பிலிருந்து கல் பாவிய பாதையில் கால் மணி நேரம் நடந்தால், மலைச்சரிவில் இயற்கையான பாறையிலேயே செதுக்கிய சிங்கம் படுத்திருக்கிறது. நீளம் சுமார் 6 மீட்டர். காலம் ஏறக்குறைய கி.மு. 600. வாயோரத்தில் ஒரு சிரிப்பு. தீவில் வசித்த நீர்த்தேவதைகளை ஒரு சிங்கம் துரத்தியடித்தது என்றும், அதன் பிறகு வறட்சி வந்தது என்றும் கதை. அப்போலோவின் மகன் அரிஸ்டாயோஸ் சீரியஸ் விண்மீனுக்கும் ஜீயஸுக்கும் பலி கொடுத்துக் கோடையின் வடகாற்றை வரவழைத்தான் என்பது அதன் தொடர்ச்சி. அந்தக் காற்று இன்றும் ஜூலை, ஆகஸ்டில் வீசுகிறது. மெல்தேமி என்று பெயர். அதனால் ஃபெர்ரி நின்றுபோவதும் உண்டு. சிங்கத்தைப் பார்க்க மாலை வெயில் சாயும் நேரம் ஏற்றது. உச்சி வெயிலில் போனால் பாறையின் மேடுபள்ளங்கள் தட்டையாகிவிடும், முகமே தெரியாது. பகலில் வந்து மாலை ஃபெர்ரிக்கு ஓடுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

யூலிஸ் பிறப்பித்த மனிதர்களின் பட்டியல் இவ்வளவு சிறிய ஊருக்கு வியப்பூட்டுவது. தெர்மோபிலேயில் பாரசீகரை எதிர்த்து மடிந்த வீரர்களுக்கான கல்லறைக் கவிதை யாருடையது என்று மரபாகச் சொல்லப்படுகிறதோ, நினைவாற்றல் முறையைக் கண்டவர் என்று யாரைப் போற்றினார்களோ, அந்தச் சிமோனிடீஸ் கி.மு. 556 வாக்கில் இங்கே பிறந்தார். அவருடைய சகோதரி மகன் பாக்கிலிடீஸும் கவிஞர். சொற்பொருள் நுணுக்கம் பேசிய புரோடிகஸும், இதயத்தின் வால்வுகளை ஆராய்ந்த மருத்துவர் எராசிஸ்ட்ராட்டஸும் இந்த மண்ணே. இவர்களுக்குத் தனியாக நினைவிடம் தேடாதீர்கள். ஊர்தான் நினைவிடம். பழைய அக்ரோபோலிஸ், அதாவது நகரின் உச்சிக் கோட்டை, இருந்த காஸ்ட்ரோ மேட்டில் இடைக்காலக் கோட்டை எழுந்தது. அதில் முற்காலக் கற்களையே மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரிய அளவில் சதுரமாக வெட்டிய கற்கள் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

யூலிஸில் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சாவுச் சடங்குக்கு வரம்பு விதிக்கிறது. வெள்ளைத் துணி மூன்றுக்கு மேல் கூடாது. ஒயின் மூன்று குடம், எண்ணெய் ஒரு குடம் என்ற அளவு. பிணத்தைக் கல்லறை வரை ஓசையின்றித் தூக்கிச் செல்ல வேண்டும். பணம் படைத்தவர்கள் ஆடம்பரச் சாவு எடுப்பதைத் தடுக்கவே இந்தச் சட்டம் என்பது படித்தவுடனே புரியும். அறுபது வயது தாண்டியவர்கள் ஹெம்லாக் என்னும் நச்சுச் செடியின் சாற்றைக் குடிக்க வேண்டும், மற்றவர்களுக்கு உணவு போதும்படி, என்று பண்டைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிய செய்திதான் இந்தத் தீவைப் பற்றி எங்கும் முதலில் சொல்லப்படுவது. அந்தக் கதையைவிடக் கல்லில் இருக்கும் சாவுச் சட்டமே இந்த ஊரின் குணத்தை நமக்குத் தெளிவாகச் சொல்கிறது. ஸ்ட்ராபோ கேள்விப்பட்டதை எழுதினார். கல்வெட்டு ஊரே கூடி இயற்றியது.

குறைகளும் உண்டு. கடற்கரை இல்லை. கடைகளும் உணவகங்களும் குறைவு. நள்ளிரவு ஃபெர்ரியில் வந்தால் துறைமுகத்திலிருந்து மேலே வர வண்டி கிடைப்பது கடினம். தீவில் டாக்சிகள் மிகச் சில, முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பேருந்து கோடையில் ஃபெர்ரி நேரத்தை ஒட்டி ஓடும், பருவம் தவறினால் அதை நம்ப முடியாது.

கோரிசியா

கார் எடுக்காமல் ஒரே ஓர் இரவு தங்குகிறவருக்குக் கோரிசியா போதும். கப்பலிலிருந்து இறங்கியதும் அறை, சாப்பாடு, பேக்கரி, வாடகை வண்டி எல்லாம் எட்டும் தூரத்தில். காலை முதல் ஃபெர்ரியைப் பிடிக்க வேண்டியவரும் கடைசி இரவை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

பழைய கொரேசியாவில் கண்ணால் பார்க்கக் கிடைப்பது குறைவு. கி.மு. 530 வாக்கில் செதுக்கிய, ஆள் உயரத்தையும் தாண்டிய பளிங்கு இளைஞன் சிலை, கேயாவின் கூரோஸ், 1930இல் இங்கே கிடைத்தது. அது இருப்பது ஏதென்ஸின் தேசிய அருங்காட்சியகத்தில். ஆகவே ஏதென்ஸில் ஒரு பகல் இருந்தால் அதை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். ஊருக்கு மேலே அயியா திரியாதா குன்றில் கோட்டைச் சுவரின் எச்சங்கள் இருக்கின்றன. ஏறி நின்று பார்த்தால் இந்த நகரம் ஏன் முக்கியமாக இருந்தது என்பது விளங்கிவிடும். கீழே உள்ள அயியோஸ் நிகோலாவோஸ் விரிகுடா வடகாற்றுக்கும் அசையாத, இயற்கையான துறைமுகம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் தாலமி அரசர்களின் கடற்படை இதைத் தளமாக்கிக்கொண்டபோது, நகரின் பெயரே அரசியின் பெயரால் அர்சினோயே என்று மாறியது. ஸ்ட்ராபோவின் காலம் வருவதற்குள் நகரம் தேய்ந்து யூலிஸுடன் சேர்ந்துவிட்டது. பொயேசா கார்த்தையாவுடன் சேர்ந்தது. நான்கு இரண்டாயின.

இந்தத் துறைமுகம் வழியாகப் போன சரக்குகளில் ஒன்று செங்காவி மண். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏதென்ஸ் கேயாவின் நகரங்களிடம் ஓர் ஆணை பெற்றது. கேயாவின் காவியை ஏதென்ஸுக்கு மட்டுமே ஏற்றுமதி செய்யலாம், குறிப்பிட்ட கப்பல்களில் மட்டுமே. மீறினால் தண்டனை, காட்டிக்கொடுப்பவருக்குப் பரிசு. அந்த ஆணையில் நகரங்கள் தனித்தனியாக ஒப்புதல் தருகின்றன. தீவு ஒன்றாகச் சேர்ந்து ஒரே அரசாக இயங்குவதை ஏதென்ஸ் விரும்பவில்லை, நகரம் நகரமாகப் பிரிந்திருக்கவே வலியுறுத்தியது. இன்று நாம் நான்கு ஊர்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதற்கு அந்த அரசியலிலும் பங்கு இருக்கிறது.

கோரிசியாவில் தங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் ஏதென்ஸ் வாரயிறுதிக் கூட்டம் இங்கே திரளும். துறைமுகச் சாலையை ஒட்டிய அறையில் தூக்கம் கெடும். திரும்பும் ஃபெர்ரியில் காருக்கு இடம் வேண்டுமென்றால் ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிடுங்கள்.

வுர்காரி, ஒட்ஸியாஸ்

கோரிசியாவிலிருந்து கரையோரமாக அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடக்கூடிய தூரத்தில் வுர்காரி. பாய்மரப் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும் ஊர். மீன் உணவகங்களுக்குப் பேர்பெற்றது, விலையும் அதற்கேற்ப. அதன் எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனையில், ஒரு சிறு தேவாலயத்தை ஒட்டி, அயியா இரீனியின் வெண்கலக் காலக் குடியிருப்பு இருக்கிறது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ஜான் காஸ்கி தலைமையில் 1960இல் அகழாய்வு தொடங்கியது.

இந்தக் குடியிருப்பு ஏன் இங்கே வந்தது என்ற கேள்விக்கு விடை கடலுக்கு அப்பால் இருக்கிறது. நேரெதிரே லாவ்ரியோ. அங்கே ஈயமும் வெள்ளியும் செம்பும். ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும்போது மிஞ்சும் கசடு இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. கிரீட்டின் லீனியர் ஏ எழுத்தும் கிடைத்திருக்கிறது. கிரீட்டும் மற்ற தீவுகளும் அட்டிகா உலோகத்தைத் தேடி வந்த வழியில் இது ஒரு நிறுத்தம். சுற்றி வலுவான மதில், உள்ளே நெருக்கமான வீடுகள், ஒரு நீளமான, குறுகலான கோயில். கி.மு. 15ஆம் நூற்றாண்டில் பெரிய நிலநடுக்கம் ஊரை இடித்தது. கோயிலிடத்தில் வழிபாடு மட்டும் விட்டு விட்டுத் தொடர்ந்தது. கி.மு. 500 வாக்கில் அங்கே ஒயின் கடவுள் டயோனிசஸின் பெயரைக் கீறிய பாத்திரத்தைக் காணிக்கையாக வைத்திருக்கிறார்கள்.

வளாகத்தைச் சுற்றி வேலி உண்டு. உள்ளே போக முடியும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தாலும் சுவர்களின் அமைப்பு தெரியும். கடல் மட்டம் அன்றைக்கு இருந்ததைவிட உயர்ந்திருப்பதால் ஊரின் ஒரு பகுதி நீருக்குள் போய்விட்டது, கரையோரம் நின்றால் அதுவும் புரியும். அருங்காட்சியகத்தைப் பார்த்த பிறகே இங்கே வாருங்கள். முதலில் இங்கே வந்தால் முழங்கால் உயரச் சுவர்கள்தான், பத்து நிமிடத்தில் சலித்துவிடும். சிலைகளைப் பார்த்துவிட்டு வந்தால், அவை நின்ற அறையை வேலிக்கு வெளியிலிருந்தே கண் தேடும்.

அயியா இரீனிக்காக வுர்காரியில் தங்கத் தேவையில்லை. அது அரை மணி நேர வேலை. கடலோரச் சாப்பாடும் படகுகளும் பிடித்தால் தங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் இரவுச் சத்தம் இருக்கும்.

ஒட்ஸியாஸ் வடக்கே இன்னும் சில கிலோமீட்டர். நல்ல மணல், ஆனால் மெல்தேமி நேராக முகத்தில் அடிக்கும் விரிகுடா. இடையில் உள்ள கெஃபாலா முனையில் புதிய கற்காலத்தின் இறுதியைச் சேர்ந்த குடியிருப்பும் கல் அடுக்கிய கல்லறைகளும் அகழப்பட்டன. சைக்ளேட்ஸில் செம்பு உருக்கியதன் மிகப் பழைய தடயங்களில் சில அங்கே கிடைத்தவை. பார்க்க மிஞ்சியிருப்பது குறைவு. அகழாய்வு அறிக்கைகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அந்த நடை பலன் தரும்.

இந்தப் பக்கத்துக் கடலில் 1916 நவம்பர் 21 அன்று மூழ்கிய மருத்துவமனைக் கப்பல் பிரிட்டானிக் கிடக்கிறது. டைட்டானிக்கின் உடன்பிறந்த கப்பல். முப்பது பேர் இறந்தார்கள். ஆழம் சுமார் 120 மீட்டர், சாதாரண மூழ்குநர்களுக்கு எட்டாதது.

பிசெஸ்

தென்மேற்கே பழத்தோட்டப் பள்ளத்தாக்கும் நீண்ட மணற்கரையும். பொயேசாவின் எச்சங்கள் பள்ளத்தாக்குக்கு மேலே குன்றில் சிதறிக் கிடக்கின்றன. நகரத்துக்காகவென்றால் இவ்வளவு தூரம் வர வேண்டாம். வருவதற்கு நல்ல காரணம், யூலிடாவிலிருந்து வரும் வழியில் அயியா மரீனா மடத்தில் நிற்கும் காவல் கோபுரம். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சதுரக் கோபுரம், கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரம். காரையில்லாமல் அடுக்கிய கற்கள். ஒரு பக்கம் சரிந்துவிட்டதால் உள் அமைப்பு வெட்டுமுகமாகத் தெரிகிறது, மாடித் தளங்கள் எங்கே இருந்தன என்று எண்ணிப் பார்க்க முடிகிறது. கிரேக்கத் தீவுகளில் இவ்வளவு உயரத்துக்கு எஞ்சிய கோபுரங்கள் சிலவே. கல் தளர்ந்திருப்பதால் அடியில் நிற்கக் கூடாது, ஏறவே கூடாது.

குழந்தைகளுடன் வந்து, கையில் காரும் இருந்து, பாதி நாள் கடலில் குளிக்க வேண்டும் என்பவர்களுக்குப் பிசெஸ் பொருந்தும். கார் இல்லாதவருக்கு இது சிறை. அருங்காட்சியகத்துக்கும் சிங்கத்துக்கும் வளைந்த மலைச்சாலையில் போய்வர வேண்டும், ஒவ்வொரு முறையும். மேலும் தெற்கே உள்ள கூந்தூரோஸ் பெரும்பாலும் விடுமுறை வீடுகள். வரலாற்றுப் பயணிக்கு அங்கே வேலையில்லை.

கார்த்தையா: எந்த வழியில், எத்தனை மணிக்கு

யூலிடாவிலிருந்து தெற்கே போகும் சாலையில் காரில் கால் மணி நேரத்துக்குள் ஸ்டவ்ரூடாக்கி என்ற இடம் வரும். அங்கிருந்து இறங்கும் பாதைதான் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது. கல் பாவிய பழைய தடம், ஓக் மரங்கள், கைவிட்ட வீடுகள், பிறகு வத்திபொட்டமோஸ் ஓடைப் பள்ளத்தாக்கு, கடைசியில் கடல். இறங்க ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். ஏற ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். போகும்போது இறக்கம், எளிதாக இருக்கும். திரும்பும்போதுதான் ஏற்றம், அதுவும் வெயில் ஏறிய பிறகு. காலை 7 மணிக்கு இறங்கத் தொடங்கினால் 8.30க்குள் கோயில்களில் இருக்கலாம், இரண்டு மணி நேரம் பார்க்கலாம், நண்பகலுக்குள் மேலே வந்துவிடலாம். 10 மணிக்குத் தொடங்கியவர் ஜூலை வெயிலில் ஒன்றரை மணிக்கு ஏறத் தொடங்குவார். அதனால்தான் யூலிடாவில் தங்கச் சொல்கிறோம். அங்கிருந்து கிளம்புகிறவருக்கு ஏழு மணி சாத்தியம். கோரிசியாவில் வண்டிக்குக் காத்திருப்பவருக்கு அது கைகூடுவதில்லை.

தெற்கே காட்டோ மேரியா பக்கத்துக் கிராமங்களிலிருந்து இறங்கும் பாதைகள் தூரத்தில் குறைவு. ஆனால் தொடக்க இடத்துக்குப் போக நிச்சயம் சொந்த வண்டி வேண்டும், சரிவும் கூடுதல். கடல் வழியாகவும் போகலாம், கோடையில் படகு பேசினால் விரிகுடாவிலேயே இறக்கிவிடுவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அது ஒன்றே வழி. காற்று எழுந்தால் படகு ரத்து, ஆகவே படகை நம்பியிருப்பவர் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். யூலிடாவிலிருந்தே முழுக்க நடப்பவர்களும் உண்டு. பண்டைய நகரங்களை இணைத்த கல்பாதையின் பகுதிகள் இன்னும் இருக்கின்றன. நல்ல கால்களுக்கு ஒரு முழுப் பகல் ஆகும், திரும்ப வண்டி ஏற்பாடு செய்துகொண்டே கிளம்ப வேண்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீருக்குக் குறையக் கூடாது, கோடையில் மூன்று. கீழே கடை இல்லை, கோயில் மேட்டில் நிழல் இல்லை. கணுக்காலை மூடும் காலணி, தொப்பி, நீண்ட காற்சட்டை. பாதையோரம் முட்செடிகள் காலைக் கிழிக்கும். பாவிய கற்கள் தேய்ந்து வழுக்கும், வெறும் செருப்போடு வந்தவர்கள் பாதியில் திரும்பியிருக்கிறார்கள். கைபேசித் தொடர்பு பள்ளத்தாக்கில் அறுந்துபோகும். வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள். திரும்பும் நேரத்தை அறை கொடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

கீழே என்ன இருக்கிறது? இரண்டு விரிகுடாக்களுக்கு நடுவே நீளும் அஸ்ப்ரி வீக்லா என்ற முகட்டில், கடலைப் பார்த்த கீழ்த்தளத்தில் அப்போலோ கோயில். டோரிக் எனப்படும் எளிய, தடித்த தூண்கள் கொண்ட கிரேக்கப் பாணி, ஏறக்குறைய கி.மு. 530. பாறையை வெட்டிச் சமமாக்கி, தாங்குசுவர் எழுப்பி உண்டாக்கிய தளம் அது. அதற்கு மேலே உள்ள தளத்தில் அதீனா கோயில், கி.மு. 500ஐ ஒட்டியது, அதுவும் டோரிக். சில தூண்களை மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளத்தாக்குச் சரிவில் அரங்கம். 1811, 1812இல் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் ஒலூஃப் புரோன்ஸ்டெட் இங்கே தோண்டினார். அண்மைக் காலச் சீரமைப்புப் பணிக்கு 2017இல் ஐரோப்பியப் பண்பாட்டு மரபு விருது கிடைத்தது. மேலே கோயில் தளத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வந்து அரங்கத்தில் முடிப்பது நல்ல வரிசை. வெயில் ஏறுவதற்குள் நிழலில்லாத மேடு முடிந்துவிடும், பிறகு கடலில் இறங்கிக் குளித்துவிட்டு ஏறலாம்.

சிமோனிடீஸ் இங்கே தங்கிப் பாடகர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்று பண்டைக் கிரேக்க எழுத்தாளர் அதினேயஸ் எழுதியிருக்கிறார். பயிற்சிக் கூடம் மேலே அப்போலோ கோயிலருகில், தண்ணீர் ஊற்று கீழே. ஒரு கழுதைதான் தினமும் நீர் சுமந்து ஏறியது. எபெயோஸ் என்று அதற்குப் பெயர். டிராய்ப் போர்க் கதையில் அரசர்களுக்குத் தண்ணீர் சுமந்தவனின் பெயரை வைத்துவிட்டார்கள். குறித்த நேரத்துக்கு வராத பாடகர் அந்தக் கழுதைக்கு ஒரு படி பார்லி கொடுக்க வேண்டும் என்பது விதி. கையில் பாட்டிலோடு ஓடைப் படுகையிலிருந்து கோயில் மேட்டுக்கு ஏறும்போது அந்த விதியின் நியாயம் உடலுக்கே புரியும்.

எத்தனை இரவு, எந்த ஊர்

ஒரே பகல் பயணமாக வருகிறவர் கார்த்தையாவை விட்டுவிட வேண்டும். அருங்காட்சியகம், சிங்கம், ஃபெர்ரிக்கு முன் அயியா இரீனி, அவ்வளவுதான். ஓர் இரவு, கார் இல்லை என்றால் கோரிசியா. முதல் நாள் பிற்பகல் கடலோரமாக நடந்து வுர்காரி, மறுநாள் யூலிடா. சிலைகளுக்கு முன்பே இடிபாடுகளைப் பார்க்கிற வரிசைதான் இது, நேரம் வேறு வழி விடாது. இரண்டு இரவு என்றால் யூலிடா. வந்த அன்று மாலை சிங்கம், மறுநாள் விடியலில் கார்த்தையா, மூன்றாம் நாள் காலை அருங்காட்சியகம், அங்கிருந்து இறங்கி அயியா இரீனி, பிறகு ஃபெர்ரி. மூன்றாவது இரவும் இருந்தால் ஒரு நாள் காரெடுத்து கோபுரமும் பிசெஸ் கடற்கரையும். காரை ஒரே நாளைக்கு எடுக்க முடியுமானால் அதைக் கார்த்தையா நாளில் எடுங்கள். கோபுரத்தை டாக்சியிலும் பார்த்துவிடலாம், ஆனால் ஏழு மணிக்கு டாக்சி வரும் என்பதற்கு உறுதியில்லை.

மாதம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் பின்பாதி. வசந்தத்தில் வத்திபொட்டமோஸில் நீர் ஓடும், சரிவெல்லாம் பூ. செப்டம்பரில் கடல் இதமாக இருக்கும், காற்று தணிந்திருக்கும். குளிர்காலத்தில் ஃபெர்ரி குறைவு, யூலிடாவில் பல கதவுகள் மூடியிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: தீவின் தனி உணவுகளான லோசாவும் பஸ்பலாஸும் பன்றி இறைச்சி. ஃபாவா என்ற பருப்பு மசியல், வேகவைத்த கீரை, பாலாடைக்கட்டி, தைம் பூத்தேன் ஆகியவை கிடைக்கும். கார்த்தையாவுக்குப் போகும் காலையில் யூலிடாவில் எதுவும் திறந்திருக்காது, முந்தைய மாலையே ரொட்டியும் தக்காளியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.